உங்கள் போனில் எங்கள் கடை

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு அசிங்கம்.

ஒரு படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் இருந்த அம்மாள் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். கொடுத்தபிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க போன்ல எங்க கடைப் பேரைப் போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். உலகத்தில் உள்ள சட்டக் கடைகள் எல்லாம் வந்தன. நான் நின்றுகொண்டிருந்த கடை வரவில்லை. சங்கடத்தோடு போனை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலால் மெல்லத் தள்ளித் தள்ளிக் கீழே போனார். நான்காவது பக்கமோ ஐந்தாவது பக்கமோ, ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதோ. போன வாரத்துக்கு இப்ப மேல வந்திருக்கு" என்றார். தேர்வில் தேறிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. போனைத் தன் முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது. ஆகவே இனி வரப்போவது எல்லாம் என் கற்பனை. பெரியவன், சின்னவள், நூலகக்காரி எல்லோரும் நான் உண்டாக்கியவர்கள். அம்மாள் மட்டும் நிஜம். அவர் விரலில் இருந்த பசை வாடையும் நிஜம்.

(கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே தேடிப் பார்ப்பீர்கள். அப்புறம் உங்கள் போன் அந்த அம்மாளுக்குப் பயன்படாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.)

2.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

"கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று வானம்—"

வானத்தை விடுங்கள். அதற்கும் இந்தக் கதைக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அடுத்தது:

"தான் முக்கியமானவனா என்று மனிதன் அறிய விரும்பாத காலமே—"

இது பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி. பரிசும் கிடைக்காது. மூன்றாவது:

"'கடை எங்க போயிடப் போகுது?' என்று சொல்லிவிட்டுத்தான் பெரியவன் போனான். இப்போது கடைதான் போகப்போகிறது."

இது தேவலை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

அம்மா, பெரியவன், சின்னவள். அப்பா ஆரம்பித்த கடையை அவருக்குப் பிறகு இந்த மூன்று பேருமாக நடத்தினார்கள். பெரியவனுக்கு எதிலும் மனசு நிற்காது. சதுரங்கம் கற்றுக்கொண்டான், குதிரை எப்படி நகரும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டான். நீச்சல் கற்றான், பாதிக் குளத்தில் திரும்பினான். கடையில் சட்டத்தின் மூலையைச் சாய்வாக அறுக்கத் தொடங்குவான். பாதி அறுப்பில் ரம்பத்தை மரத்திலேயே நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்விடுவான். கேட்டால் ஒரே பதில்தான்: "சலிச்சுப் போச்சு." அம்மா திட்டுவாள், சின்னவள் மீதியை அறுப்பாள். இவன் பாதி அவள் பாதி என்று அறுத்த சட்டங்கள் அந்த ஊர்ச் சுவர்களில் நிறைய உண்டு. உற்றுப் பார்த்தால் மூலை ஒரு மயிரிழை ஒட்டாமல் நிற்கும்.

ஒரு நாள் ஊரும் சலித்துவிட்டது. பையை எடுத்தான். சண்டை ஏதும் இல்லை. (சண்டை வைத்து ஒரு வரைவு எழுதினேன், நன்றாகவே வந்தது. ஆனால் சண்டை போட்டுக்கொண்டு போகிறவன் சமாதானத்துக்காவது ஒரு நாள் வருவான். சலித்துப் போகிறவனுக்கு அந்தச் சாக்கும் இல்லை. அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.)

"எப்படா வருவே?"

"வர்றப்ப வர்றேன்மா. கடை எங்க போயிடப் போகுது?"

கொஞ்ச காலம் கடை நம்பருக்குக் கூப்பிட்டான். ஊர் மாற மாற அவன் நம்பரும் மாறியது. கடைசியில் அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்து, புரியாத மொழியில் கோபித்துக்கொண்டார்கள். வருடங்கள் ஓடின. அம்மா கலங்கவில்லை. கடை இருக்கிறது, கடைக்கு வருவான். அவளுக்கு அது சூரியன் உதிக்கும் என்பதுபோல.

பிறகுதான் கட்டடக்காரர் வந்து, இடிக்கப்போகிறோம், காலி செய்யுங்கள் என்றார். அந்தத் தெருவே காலியானது. இந்தக் கடைக்கு நகரத்தின் மறுகோடியில் ஓர் இடம் கிடைத்தது. பழைய போன் நம்பர் பழைய கட்டடத்தோடு போயிற்று. விசாரித்தால் வழி சொல்ல அக்கம்பக்கத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவன் வந்து அந்த இடத்துல நின்னா என்ன பண்ணுவான்?"

"போனை எடுத்துக் கடைப் பேரைப் போட்டுப் பார்ப்பான்மா. இப்ப எல்லாரும் அதானே பண்றாங்க" என்றாள் சின்னவள்.

சொன்ன வாய்க்கே வேலையும் வந்து சேர்ந்தது.

3.

சின்னவள் வெப்சைட் செய்தாள். ஒரே ஒரு பக்கம். மேலே கடையின் பெயர், புது முகவரி, புது நம்பர். கீழே ஒரு படம்: அம்மா ஒரு காலிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, அதற்குள் தன் முகத்தை வைத்துச் சிரிக்கிறாள். பெரியவனுக்குப் பார்த்ததும் தெரிய வேண்டும் என்று அம்மாவே யோசித்துச் சொன்னது அது.

அன்றிலிருந்து கடைக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. ஷட்டரைத் தூக்கியதும் அம்மா கடைப் பேரைப் போனில் தட்டுவாள். வந்ததைத் தொடுவாள். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு, "முதல்ல நாமதான்" என்று அறிவிப்பாள். சின்னவளும் தன் போனில் அதையே செய்வாள். பசை காயும் நேரத்தில் இன்னொரு தடவை. கண்ணாடி வெட்டிக் கை ஓய்ந்தால் இன்னொரு தடவை.

"நாம தட்டிட்டே இருக்கணும்டி. அப்பத்தான் கீழ இறங்காது" என்பது அம்மாவின் கொள்கை. சின்னவளுக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. கண்ணெதிரே முதல் வரியில் நிற்கிறதே.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கையிடம் ஒரு போனைக் கொடுத்தால், நாலு நாளில் அந்தப் போனும் அதையேதான் சொல்லும்.

4.

சின்னவளோடு படித்தவள் நகர நூலகத்தில் வேலை பார்த்தாள். அவளைத்தான் நூலகக்காரி என்கிறேன். நூலகத்தின் பழைய புகைப்படம் ஒன்றுக்குச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு சின்னவள் அங்கே போனாள். பெருமை சும்மா இருக்க விடுமா?

"எங்க கடையை உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு. முதல்ல வரும்."

நூலகக்காரி போட்டாள். முதலில் ஒரு பெரிய கம்பெனி வந்தது. பிறகு அதே பெயரில் வேறு தேசத்துக் கடை ஒன்று. 'சட்டம்' என்ற சொல்லை நம்பி நாலைந்து வக்கீல்கள் வேறு.

"எங்கடி இருக்கு?"

"இன்னும் கீழ போ."

"அடுத்த பக்கமே வந்துடுச்சு."

"இன்னும் போ."

எவ்வளவோ போன பிறகு, அடியில், சட்டத்துக்குள் சிரிக்கும் அம்மா வந்தாள்.

"எங்க கடையில முதல்ல வருதே!" சின்னவள் தன் போனை எடுத்து நீட்டினாள்.

"உன் போன்ல வரும்டி. தினமும் நீ அதையே தொட்டா, இவளுக்கு இதுதான் வேணும்னு அது புரிஞ்சு வெச்சுக்கும். உனக்குப் பிடிச்சதை உனக்குக் காட்டுது. இந்தக் கம்ப்யூட்டருக்கு உன்னைத் தெரியாது."

அம்மாவும் பெண்ணும் இத்தனை நாளும் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டியிருக்கிறார்கள். சின்னவளின் நினைப்பு உடனே அண்ணனிடம் போயிற்று. முதல் பக்கத்தில் இல்லாததை அடுத்த பக்கத்தில் தேடுகிற பொறுமை அவனுக்கு ஏது? பாதி அறுப்பில் ரம்பத்தை விடுகிறவன்.

ஒரு வெப்சைட் எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுச் சொல்லும் பக்கம் ஒன்றை நூலகக்காரி திறந்தாள்.* கடையின் முகவரியை அதில் இட்டாள். பூஜ்ஜியம் என்று வந்தது.

"எத்தனை பேர் பார்க்குறாங்கன்னு எண்ணுதா?"

"இல்ல, எத்தனை பேர் உன்னைக் கைகாட்டுறாங்கன்னு. வேற வெப்சைட்லேர்ந்து உன்னோடதுக்கு லிங்க் இருக்கணும். அதுவும் சும்மா யாரோ காட்டினாப் பத்தாது. காட்டுறவனை நாலு பேர் காட்டியிருக்கணும்."

"அந்த நாலு பேரை?"

"இன்னும் நாலு பேர்."

"அவங்களை?"

"உனக்குப் புரிஞ்சுடுச்சு" என்று நூலகக்காரி சிரித்தாள். "எல்லாரையும் எல்லாரும் காட்டி, அதைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு, எண்ணெல்லாம் ஆடாம நிக்கிற வரைக்கும் போடும். உலகத்துல இருக்கிற அத்தனை பக்கத்துக்கும்."

சின்னவள் நூலகத்தின் அலமாரிகளைப் பார்த்தாள். பிறகு அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய கணக்கில் தங்கள் கடையையும் விட்டுவிடாமல் ஒரு தடவை எடுத்துப் பார்த்து, நிதானமாகப் பூஜ்ஜியம் போட்டிருக்கிறார்கள். வருத்தத்தோடு அவளுக்கு ஒரு பிரமிப்பும் வந்தது.

கடைக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா வெகுநேரம் தன் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பிடிச்சதைத்தான் எனக்குக் காட்டிட்டு இருந்துச்சா?" என்றாள்.

* ஒரு காலத்தில் தேடுபொறியே இப்படி ஒரு மதிப்பெண்ணை வெளியே காட்டியது. இப்போது காட்டுவதில்லை. இப்போது இருப்பவை எல்லாம் வெளியே நின்று ஊகித்துச் சொல்பவை. என் கதைப் பக்கத்தின் முகவரியையும் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். சின்னவளின் மதிப்பெண்தான் எனக்கும். விரலுக்குத் தகுந்த வீக்கம்.

5.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். பூஜ்ஜியம் வாங்கிய ஆத்திரத்தில் நான் இந்தக் கணக்கைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். அப்போது ஒருவனைச் சந்தித்தேன். அவனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கணக்கை விளக்க, அதைப் போட்டவர்கள் ஓர் ஆளைக் கற்பனை செய்துகொண்டார்கள். அவனுக்குப் பெயர் இல்லை, வேலை இல்லை. ஏதோ ஒரு பக்கத்தில் இருப்பான். அங்கே இருக்கும் இணைப்புகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுவான். வேறு பக்கத்துக்குப் போவான். அங்கிருந்து இன்னொன்று. இப்படியே போய்க்கொண்டிருப்பவனுக்குத் திடீரென்று சலித்துப்போகும். (சத்தியமாக நான் சேர்த்தது இல்லை. சலிப்பு என்றேதான் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.) சலித்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உலகத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் போய்க் குதிப்பான். எந்தப் பக்கத்தில் அவனை அதிகம் பார்க்க முடியுமோ, அந்தப் பக்கம் முக்கியமானது. அவ்வளவுதான்.*

படித்துவிட்டு நான் எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். உட்கார முடியவில்லை. பூமியில் உள்ள அத்தனை எழுத்தையும் எடைபோடப் புறப்பட்ட கணக்கு, ஒரு கதாபாத்திரத்தின் தோளில் நிற்கிறது! நாங்களெல்லாம் ஒரு பாத்திரத்தை நாலு பேர் நம்பும்படி எழுதத் தலைகீழாக நிற்கிறோம். இவனை உலகமே நம்பியிருக்கிறது.

இன்னும் ஒன்று. அவனுக்குச் சலிக்காவிட்டால் கணக்கே கெட்டுவிடும். ஒன்றையொன்று காட்டிக்கொள்ளும் இரண்டு பக்கங்களுக்குள் மாட்டி, செக்குமாடுபோல அங்கேயே சுற்றுவான். சலிப்புதான் அவனைத் தூக்கி வெளியே போடுகிறது. எங்கே விழுவான் என்று யாருக்கும் தெரியாது. ஒருவரும் காட்டாத, ஒருவரும் அறியாத பக்கத்திலும் விழலாம். அதனால் எந்தப் பக்கத்துக்கும் சுத்தமான பூஜ்ஜியம் கிடையாது. காட்டுகிற பூஜ்ஜியத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி மிச்சம் இருக்கிறது. சலித்துப்போகிறவன் ஒருவன் உலாவுகிற வரை அந்தத் துளியை யாரும் எடுக்க முடியாது.

என் முதல் வரைவில் பெரியவன் வேலை தேடித்தான் ஊரைவிட்டுப் போனான். இதைப் படித்த பிறகுதான் அவனுக்குச் சலிப்பு வந்தது. வாங்கிய இடத்தைச் சொல்லிவிடுவது மரியாதை.

* அப்புறம் அந்தக் கணக்கோடு எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டன என்கிறார்கள். சேரட்டும். எனக்கு இவன் போதும்.

6.

"நீங்க சட்டம் போட்டுக் கொடுத்தவங்கள்ல எத்தனையோ பேர் வெப்சைட் வெச்சிருப்பாங்க. அவங்களைப் போய்க் கேளு, லிங்க் கொடுக்கச் சொல்லி" என்றாள் நூலகக்காரி.

சின்னவள் முதலில் பல் டாக்டரிடம் போனாள். அவர் காத்திருப்பு அறையில் மாட்டியிருந்த பெரிய கடல் படம் இவர்கள் கடையில் சட்டம் போட்டது. டாக்டர் உள்ளே யாருடைய பல்லோடோ போராடிக்கொண்டிருந்தார். சும்மா உட்காருவானேன் என்று இவள் படத்தைக் கழற்றி, கயிறு உறுதியாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள்.

பின்பலகையில் கடையின் சீட்டு இருந்தது. கோணலாக.

எல்லாப் படத்துக்கும் முதுகில் கடையின் பெயர், முகவரி போட்ட சீட்டு ஒன்று ஒட்ட வேண்டும் என்பது பெரியவனின் யோசனை. "படம் கீழ விழுந்து கண்ணாடி உடைஞ்சா எங்கம்மா போவாங்க? திருப்பிப் பார்ப்பாங்க, நேரா இங்க வருவாங்க." அவனுக்குச் சலிக்காத வேலை அது ஒன்றுதான். சீட்டி அடித்துக்கொண்டே ஒட்டுவான். ஒன்றையாவது நேராக ஒட்டியிருப்பானா என்றால் இல்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது படத்துக்கும் பொருந்தும். சின்னவள் அங்கேயே நின்று ஊரை நினைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூட வராந்தா, நீதிமன்றக் கூடம், ஓட்டல் படிக்கட்டு, முன்பின் தெரியாதவர்களின் படுக்கையறை என்று இந்த ஊரில் எத்தனை சுவர்! அத்தனையிலும் சுவரைப் பார்த்தபடி ஒரு கோணல் சீட்டு. ஒவ்வொன்றும் கடையைக் கைகாட்டிக்கொண்டு நிற்கிறது. எந்தத் தேடுபொறியும் எண்ண முடியாத இடத்தில் இத்தனை வருடமும் நின்றிருக்கிறது. அத்தனையும் காட்டுவது இடிக்கப்பட்ட ஒரு கட்டடத்தை. கண்ணில் நீர் முட்டியது.

"என்னம்மா, பின்னாடி பல்லி கில்லி இருக்கா?" என்றார், கையுறையோடு வெளியே வந்த டாக்டர்.

"இல்ல டாக்டர். எங்க அண்ணன்" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

புது முகவரிச் சீட்டு கைவசம் இருந்தது. பழையதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்றுதான் எடுத்தாள். மனம் வரவில்லை. பக்கத்தில் ஒட்டினாள், நேராக. டாக்டர் தன் வெப்சைட்டில் ஒரு வரி சேர்த்தார். பள்ளிக்கூடம் சேர்த்தது. கால்பந்துக் குழு, பாட்டு டீச்சர் என்று ஆளுக்கு ஒரு வரி. போன இடத்தில் எல்லாம் படத்தைத் திருப்பி, கோணலுக்குப் பக்கத்தில் நேராக ஒன்று ஒட்டிவிட்டு வந்தாள்.

ஒரு நாள் நூலகக்காரி ஓடி வந்தாள். பத்துக்கு ஒன்று!

7.

முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ) யார் யார் கைகாட்டுகிறார்கள் என்று சின்னவள் பார்க்கிறாள். அதில் தெரியாத பக்கம் ஒன்று. வேறு மொழி. நடுவில் ஒரு புகைப்படம்: ஏதோ ஒரு படத்தின் முதுகு, அதில் ஒரு சீட்டு, கோணலாக—

(அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் சந்தேகம். எதையும் பாதியில் விடுகிறவன் எனக்காக ஒரு கதையை முடித்துக் கொடுப்பானா?)

ஆ) மதிப்பெண் ஏறுகிறது. கடை முதல் பக்கத்துக்கு வருகிறது. கூட்டம் வருகிறது. பெரியவன் தேடவே இல்லை.

(எழுத உட்கார்ந்தேன். அம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. எழுந்துவிட்டேன்.)

இ) இடித்த இடத்தில் பெரியவன் நிற்கிறான். தலை நரைத்திருக்கிறது. தகர வேலி, உள்ளே மண்குவியல். போனை எடுக்கிறான். கடைப் பேரில் பாதியைத் தட்டுகிறான். பாதியில் அவனுக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவன் குணத்துக்கு இதுதான் பொருத்தம் என்பது எனக்குத் தெரியும். எழுதிய அன்று சோறு இறங்கவில்லை.)

8.

ஆகவே முடிவு இல்லை. ஆனால் முதல் பகுதியில் கேட்காமல் விட்ட கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தன் போன் தனக்குப் பிடித்ததைத்தான் காட்டுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா தன் போனில் தேடுவதை விட்டுவிட்டாள். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தாள். கண்ணாடி மாற்ற வந்தவர், கயிறு கட்ட வந்தவர், வழி கேட்டு நின்றவர், ஒருவரையும் விடவில்லை. சின்னவளுக்கு மானம் போயிற்று.

"ஏம்மா வர்றவங்களை எல்லாம் இப்படிப் படுத்துறே? என் போன்ல பாரேன்."

"உன் போன் எனக்குப் பொய் சொல்லும்டி."

"அப்ப நூலகத்துல பார்த்துச் சொல்லச் சொல்றேன்."

"அந்தக் கம்ப்யூட்டரும் இப்ப நம்மளைத் தெரிஞ்சுக்கிட்டிருக்கும். அவ நிறையத் தடவை தேடிட்டா."

"அதுக்காகத் தெரியாதவங்க போனையா கேட்கிறது?"

அம்மா, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அவன் போன்ல என்ன தெரியும்னு எனக்குத் தெரியணும். அவன் போனுக்கு நம்மளை எங்கடி தெரியும்? இப்ப அதுவும் யாரோ ஒருத்தர் போன்தானே."

சின்னவள் ரம்பத்தை எடுத்து, பாதியில் நின்றிருந்த மூலையை அறுத்து முடித்தாள்.

9.

இதை எழுதிய பிறகு, அன்று வாங்கி வந்த என் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தேன். சீட்டு இருந்தது. அளந்து வைத்ததுபோல நேராக. நான் கற்பனை செய்த பெண் ஒட்டியது என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினேன். பெரியவனை நான் உண்டாக்கியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் யாருக்காகவோ தேடுகிறார், அவர் முகத்தை நான் பார்த்தேன்.

இந்தப் பக்கத்துக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. யாராவது கைகாட்டி வந்திருக்கலாம். வேறு எதையோ படித்துச் சலித்துப்போய் இங்கே வந்து குதித்திருக்கலாம். எப்படி வந்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். வந்தவர் ஒரு வேலை செய்யுங்கள்.

உங்கள் வீட்டுச் சுவரில் ஏதாவது ஒரு படம் இருக்கும். கழற்றித் திருப்பிப் பாருங்கள். முதுகில் ஒன்றும் இல்லையென்றால் மறுபடி மாட்டிவிடுங்கள், நஷ்டம் இல்லை. சீட்டு ஒன்று இருந்து, அதுவும் கோணலாக இருந்தால், கடையின் பெயரை நான் சொல்லத் தேவையில்லை. போனை எடுத்து அந்தப் பெயரைப் போடுங்கள். முதல் பக்கத்தில் இல்லையென்றால் சலிக்காமல் கீழே போங்கள். இன்னும் கொஞ்சம் போங்கள். அங்கே ஓர் அம்மாள் காலிச் சட்டத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.